எல்லாவற்றுக்கும் ‘ஷாக்’ என்று பெயர் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன், வயது 66. முப்பத்தாறு வருடம் செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை, மருத்துவம் படித்தவனும் இல்லை. ஆனால் கரண்ட் என்றால் என்ன என்று கையால் தெரிந்தவன், இரண்டு தடவை நன்றாக அடியும் வாங்கியிருக்கிறேன், அதில் ஒன்று முழுக்க என் தப்பு. மூளைக்கும் நரம்புக்கும் மின்சாரத்தாலும் காந்தத்தாலும் செய்கிற சிகிச்சைகள் எல்லாவற்றையும் ‘ஷாக்’ என்று சொல்லாதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டுவதாக இருந்தால் என் முழங்கால் கதையை வெட்டுங்கள், அக்கா கதையை வெட்டாதீர்கள். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், “பேர் போடாம எழுது தம்பி, நாலு பேருக்குத் தெரியட்டும்” என்றார்.

அக்காவுக்கு 70 வயது. அத்தான் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கிப்போனார். முதலில் நாங்கள் துக்கம் என்றுதான் நினைத்தோம், துக்கம் யாருக்குத்தான் இல்லை. ஆனால் ஒரு வருடம் தாண்டியும், தேக்கா சந்தையில் மீன்காரரோடு அரை மணி நேரம் பேரம் பேசுகிற மனுஷி வீட்டை விட்டே இறங்கவில்லை, ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார், பேரன் வந்தால்கூட தலையைத் தடவிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். பலதுறை மருந்தகத்தில் காட்டி, அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மனச்சோர்வு என்றார்கள். ஒரு மருந்து கொடுத்தார்கள், தலைசுற்றல்தான் மிச்சம். மாற்றி இன்னொன்று கொடுத்தார்கள், தலைசுற்றலும் இல்லை, மாற்றமும் இல்லை. அப்போதுதான் டாக்டர் டிஎம்எஸ் என்று ஒரு சிகிச்சை இருக்கிறது, காந்தத்தால் மூளையைத் தூண்டுவது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

கெட்ட நேரம் அங்கேதான் ஆரம்பித்தது. டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை அக்கா மகள் வீட்டில் தமிழில் சொல்ல வேண்டும். என்ன சொல்வது? “மூளைக்குக் கரண்ட் வைப்பாங்களாம்” என்றாள். பாவம், அவளுக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. உட்கார்ந்திருந்த சின்ன மாமா, எங்கள் அம்மாவின் கடைசித் தம்பி, வயது 79, உடனே நிமிர்ந்துவிட்டார். “ஷாக்கா? பைத்தியத்துக்குக் கொடுப்பாங்களே, அந்த ஷாக்கா? வேண்டவே வேண்டாம்மா, இருக்கிற மூளையும் போயிடும்.” அவ்வளவுதான். அன்றைக்கு அந்த வீட்டில் டிஎம்எஸ் பேச்சு முடிந்தது. மறுபடி அந்தப் பேச்சை எடுக்க எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதம் அக்கா எப்படி இருந்தார் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஒரே ஒரு வார்த்தை, எட்டு மாதம். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

‘ஷாக்’ என்று நம்மவர்கள் சொல்வது எது? பழைய தமிழ்ப் படங்களில் பார்த்திருப்பீர்கள், ஆளைக் கட்டிலோடு கட்டி, தலையின் இரண்டு பக்கமும் எதையோ வைத்து, சுவிட்சைத் திருப்பினால் உடம்பு துள்ளும், பின்னணியில் வயலின் கிறீச்சிடும். அதற்கு மூலமான சிகிச்சை உண்மையில் உண்டு, இசிடி என்பார்கள், 1938இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரண்டு மருத்துவர்கள் ஆரம்பித்தது. முதலில் மயக்க மருந்து கிடையாது, தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கிடையாது, வலிப்பு வரும்போது எலும்பு முறிந்தவர்கள் உண்டு. அந்தப் பயம் சும்மா வந்ததில்லை, அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் இன்றைக்கு அதே இசிடியை எப்படிச் செய்கிறார்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஆளை முழுதாக மயக்கிவிடுகிறார்கள், தசை தளர மருந்து, மூச்சுக்கு ஆக்சிஜன், பக்கத்தில் மயக்க மருந்து நிபுணர். சில விநாடிகள்தான் கரண்ட், அளவு ஒரு ஆம்பியருக்கும் குறைவு, அதுவும் விட்டுவிட்டு வரும் சின்னச் சின்ன துடிப்பாக. மூளைக்குள் ஒரு வலிப்பு வரும், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும், வெளியே பார்த்தால் கால் கட்டைவிரல் லேசாக ஆடுவது தெரியலாம், அவ்வளவே. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, மொத்தம் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை. சாப்பாடு தண்ணீர் இல்லாமல் அசையாமல் கிடக்கிறவர்கள், உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று விடாமல் சொல்கிறவர்கள், இப்படி மோசமான நிலையில் இருப்பவர்களுக்கு இன்றைக்கும் இதைவிட வேகமாக வேலை செய்கிற சிகிச்சை குறைவு என்கிறார்கள் மருத்துவர்கள். விலையும் உண்டு: ஞாபகம் அடி வாங்கும். சிகிச்சை நடந்த வாரங்கள் பலருக்கு மங்கிப்போகும், சிலருக்கு அதற்கு முந்தைய ஞாபகங்களும் திரும்பாமல் போகலாம். அதைக் கையெழுத்து வாங்கும் முன்பே சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

சரி, அது இசிடி. அக்காவுக்குச் சொன்னது அது இல்லவே இல்லை.

டிஎம்எஸ்ஸை நான் பார்த்தது மட்டும் இல்லை, முப்பது நாள் வெளியே காத்திருந்து, சில நாள் உள்ளேயும் உட்கார்ந்து பார்த்தவன். பல் டாக்டர் வீட்டு நாற்காலி மாதிரி ஒன்று. மயக்கம் கிடையாது. காதுக்கு அடைப்பான் கொடுக்கிறார்கள், ஏனென்றால் சத்தம் நன்றாகவே கேட்கும், மரங்கொத்தி கொத்துகிற மாதிரி டக் டக் டக். 8 என்ற எண்ணின் வடிவத்தில் ஒரு கம்பிச்சுருள், பிளாஸ்டிக் உறை போட்டது, தலையின் இடது முன்பக்கத்தில் ஒட்டி வைக்கிறார்கள். முதல் நாள் மட்டும் அளவு பார்க்க வேண்டும்: சுருளை மூளையின் அசைவுப் பகுதிக்கு மேலே கொண்டுபோய் ஒவ்வொரு துடிப்பாகக் கூட்டிக்கொண்டே வருவார்கள், வலது கைக் கட்டைவிரல் தானாகத் துள்ளும் அளவு எதுவோ அதுதான் அந்த ஆளுடைய அளவு. அக்கா அன்றைக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “நான் ஆட்டல தம்பி, அதுவா ஆடுது. யாரோ உள்ளேயிருந்து இழுக்கிற மாதிரி இருக்கு.” ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் ஒரு விஷயத்தை ஆச்சரியமாகச் சொன்னது அன்றுதான்.

அளவு எடுத்த பிறகு சிகிச்சை. நான் தொழில்காரன் என்பதால் எண்ணிப் பார்த்தேன்: விநாடிக்கு 10 துடிப்பு, 4 விநாடி, பிறகு 26 விநாடி ஓய்வு, மறுபடி அதே. மொத்தம் 3,000 துடிப்பு, 37 நிமிடம் முப்பது விநாடி. இப்போது இதைவிடக் குறுகிய முறை வந்துவிட்டது, மூன்று நிமிடத்தில் 600 துடிப்பு, 2018இல் வெளியான கனடா ஆய்வு 414 பேரை வைத்துப் பார்த்ததில் நீண்ட முறைக்கு இது குறைந்ததில்லை என்று காட்டியது. அக்காவுக்குப் பழைய முறைதான் கொடுத்தார்கள், அதற்கும் டாக்டர் காரணம் சொன்னார், எனக்குப் பாதிதான் புரிந்தது.

இதில் எங்கே இருக்கிறது கரண்ட்? இருக்கிறது, ஆனால் நம்மவர்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. கரண்ட் ஓடுவது அந்தச் சுருளுக்குள், பல ஆயிரம் ஆம்பியர், ஆனால் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நிற்காது. அந்தக் கணத்தில் காந்தப்புலம் எழுந்து விழுகிறது, எம்ஆர்ஐ மெஷினில் இருக்கிற அளவு பலம். எழுந்து விழும் காந்தம் பக்கத்தில் இருக்கிற கடத்தியில் மின்சாரத்தைக் கிளப்பும். 1831இல் ஃபாரடே கண்டுபிடித்தது, டிரான்ஸ்ஃபார்மர் ஓடுவது அதனால்தான், உங்கள் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு சுடுவதும் அதனால்தான். அடுப்புக் கண்ணாடி சுடாது, பாத்திரம்தான் சுடும், பார்த்திருக்கிறீர்கள் அல்லவா. இங்கே பாத்திரத்துக்குப் பதில் மூளையின் மேற்பரப்பு, சூட்டுக்குப் பதில் நரம்பில் ஒரு சின்னத் தூண்டல், அதுவும் இரண்டு மூன்று செண்டிமீட்டர் ஆழத்துக்குத்தான். ஏன் இப்படிச் சுற்றி வளைத்துச் செய்ய வேண்டும், நேராகக் கம்பியை வைத்தால் என்ன என்று நானே டாக்டரைக் கேட்டேன். மண்டை ஓடு மோசமான கடத்தி. 1980இல் லண்டனில் தலைத்தோல் வழியாகக் கரண்டை அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள், கை அசைந்தது, ஆனால் தாங்க முடியாத வலி. 1985இல் ஷெஃபீல்ட் நகரில் ஆந்தனி பார்க்கர் என்பவரின் குழு சுருளை வைத்துச் செய்தது, எலும்பைக் காந்தம் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போயிற்று, வலி இல்லை. முதலில் நரம்பைச் சோதிக்கிற கருவிதான் அது. மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2008இல்.

அக்காவுக்கு முதல் வாரம் தலைவலி, பனடோல் போட்டார், போய்விட்டது. தலையில் யாரோ விரலால் சுண்டுகிற மாதிரி இருக்கும் என்பார். வலிப்பு வரும் ஆபத்து உண்டு, ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்றார்கள். தலைக்குள் உலோகக் கிளிப், அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் பதித்த செவிக்கருவி, இதெல்லாம் இருந்தால் கூடாது, முதலிலேயே இரண்டு பக்கம் கேள்வி கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஆறு வாரம். எம்ஆர்டி ரயிலில் போய் பஸ் மாறி, திரும்பவும் அப்படியே. மூன்றாம் வாரம் வரை ஒன்றும் தெரியவில்லை, உண்மையைச் சொன்னால் எனக்கே நம்பிக்கை விட்டுப்போயிற்று. நாலாவது வாரத்தில் ஒருநாள் திரும்பும்போது, “தேக்காவுல இறங்கலாமா, மீன் பார்த்து எவ்ளோ நாளாச்சு” என்றார். இறங்கினோம். வஞ்சிரத்தின் விலையைக் கேட்டு மீன்காரரைத் திட்டினார். நான் பக்கத்தில் காய்கறியைப் பார்க்கிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன்.

இதைப் படித்துவிட்டு அதிசய சிகிச்சை என்று யாரும் கிளம்ப வேண்டாம். அக்கா இன்னும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். மந்தமான நாட்கள் வருகின்றன. திரும்பவும் தேவைப்படலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். மருந்து கேட்காதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நல்ல மாற்றம் தெரியும், மூன்றில் ஒருவருக்குத்தான் நோய் முழுதாக விலகும், மற்றவர்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். செலவும் குறைவில்லை. எதற்கு மெடிசேவ் என்கிற மருத்துவச் சேமிப்புப் பணத்தை எடுக்கலாம், எதற்கு முடியாது என்பதை மருத்துவமனையின் சமூக சேவகரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள், நாங்கள் மூன்றாவது வாரத்தில் கேட்டோம், தேவையில்லாத அலைச்சல்.

இப்போது சின்ன மாமாவுக்கு வருகிறேன்.

வேண்டாம் என்று சொன்னவர் சும்மா இருக்கவில்லை, பாசக்காரர். அடுத்த வாரமே அக்காவுக்கு ஒரு காந்தக் காப்பு வாங்கிவந்தார், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில், நாற்பது வெள்ளி (டாலர்). ரத்த ஓட்டம் சீராகும், மனசு அமைதியாகும் என்று கடைக்காரர் சொன்னாராம். இதற்கு முன்பு காந்த மெத்தை விரிப்பு, அதற்கு முன்பு காந்தம் வைத்த செருப்பு. காந்தத்தைத் தலையில் வைக்க டாக்டர் சொன்னால் பயம், கையில் மாட்டக் கடைக்காரர் சொன்னால் நாற்பது வெள்ளி. நான் அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஃபாரடே சோதனையில் காந்தம் அசையாமல் சும்மா இருந்தபோது ஊசி நகரவே இல்லை, சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும்தான் நகர்ந்தது. காந்தம் மாறினால்தான் மின்சாரம் பிறக்கும். காப்பில் இருக்கிற காந்தம் மாறாது, துடிக்காது, அது பாட்டுக்கு இருக்கும். ரத்தத்தில் இரும்பு இருக்கிறதே, காந்தம் இழுக்காதா என்று மாமா மடக்கினார். ரத்தத்தில் இருப்பது ஆணி இரும்பு இல்லை மாமா, அப்படி இழுக்குமென்றால் எம்ஆர்ஐ மெஷினுக்குள் போனவர் ஒருவரும் திரும்பி வந்திருக்க மாட்டார் என்றேன். அந்தக் காப்பு இப்போது அக்கா வீட்டு ஐஸ்பெட்டியில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்த வேலையை நன்றாகச் செய்கிறது.

இதில் பெரிய கூத்து என்னவென்றால் சின்ன மாமா நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் இருக்கிறது. ஏழு வருடமாக. நிமிடத்துக்கு எத்தனை தடவை இதயம் அடிக்க வேண்டும் என்று கம்பி வழியாகக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கிற கருவி அது. “மாமா, உங்க நெஞ்சுக்குள்ள ஓடுறது என்ன, தண்ணியா?” என்று கேட்டேன். மனுஷர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அது வேற, இது வேற” என்றார். வேறுதான், ஆனால் எப்படி வேறு என்று அவருக்கு ஒருவரும் தமிழில் உட்காரவைத்துச் சொல்லவில்லை. உடம்புக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கர் 1958இல் ஸ்டாக்ஹோமில், ஆர்னே லார்சன் என்பவருக்கு. முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு இருபதுக்கும் மேல் மாற்றி மாற்றி வைத்து, 86 வயது வரை வாழ்ந்து 2001இல் இறந்தார். அதை யாரும் ‘இதய ஷாக்’ என்று சொல்வதில்லை பாருங்கள். எங்கள் புளோக்கில் ஒரு பிள்ளைக்குப் பிறவியிலேயே காது கேட்காது, உள்ளே கருவி வைத்து இன்றைக்குப் பள்ளியில் தமிழ்ப் பாட்டுப் பாடுகிறது. அது செவி நரம்பை நேராக மின்சாரத்தால் தூண்டுகிற கருவிதான். அதற்கும் யாரும் ஷாக் என்று பெயர் வைக்கவில்லை. மனசு, மூளை என்று வந்தால் மட்டும் ஷாக்.

இன்னொன்று, பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்தச் சாமான்களை நெஞ்சிலிருந்து ஒரு சாண் தள்ளியாவது வைக்க வேண்டும், மாமா அந்தக் காப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எம்ஆர்டியில் வந்திருக்கிறார். அதைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையில் ஷாக்.

என்னோடு பட்டறையில் வெல்டராக இருந்த ஒரு நண்பர், மலாய்க்காரர், அவருக்குப் பார்க்கின்சன் என்கிற நடுக்க நோய். காப்பிக் கடையில் தே தாரிக் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி மேசையில் கொட்டும். அவருக்கு டிபிஎஸ் என்கிற ஆழ்மூளைத் தூண்டல் அறுவை சிகிச்சை செய்தார்கள். இது மற்றதைப் போல வெளியிலிருந்து செய்வது இல்லை, மண்டையில் துளை போட்டு, மெல்லிய கம்பியை மூளையின் அடியாழத்தில் ஒரு சின்ன இடத்தில் வைத்து, காதுக்குப் பின்னால் தோலுக்கடியிலேயே ஓட்டி, காறை எலும்புக்குக் கீழே பேட்டரியோடு இணைப்பது. விநாடிக்கு 130 துடிப்பு அளவில் ராத்திரி பகல் ஓடிக்கொண்டிருக்கும். 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனபிட் என்ற அறுவை மருத்துவர் நடுக்கத்துக்காக மூளையில் ஒரு சின்ன இடத்தைச் சுட்டு அழிக்கும் சிகிச்சை செய்துவந்தார், அழிக்கும் முன்பு இடம் சரிதானா என்று கரண்ட் வைத்துப் பார்ப்பது வழக்கம். வேகத்தைக் கூட்டியதும் நடுக்கம் நின்றுவிட்டது. அப்படியென்றால் எதற்கு அழிக்க வேண்டும், கரண்ட்டையே விட்டுவைக்கலாமே என்று தோன்றியிருக்கிறது. எங்கள் தொழிலிலும் இப்படித்தான், மீட்டரை வைத்துச் சோதிக்கும்போதுதான் பாதி விஷயம் பிடிபடும்.

நண்பருக்கு நடுக்கம் நன்றாகக் குறைந்தது, விறைப்பும் குறைந்தது. பேச்சு குழறுவது அப்படியே இருக்கிறது, நடையில் தடுமாற்றமும் முழுசாகப் போகவில்லை, டாக்டர்கள் அதை முன்பே சொல்லியிருந்தார்கள். நோய் போகவில்லை, பேட்டரியை மாற்ற வேண்டிவரும். ஆனால் கிளாஸை ஒரு கையில் பிடிக்கிறார். தேசிய நரம்பியல் கழகத்தில் இந்தச் சிகிச்சை பல வருடமாக நடக்கிறது, வெளிநாட்டுக்கு ஓட வேண்டியதில்லை. இதையும் அவர் சொந்தக்காரர் ஒருவர் ‘மண்டையில ஷாக்’ என்றுதான் சொல்கிறார், அந்த விஷயத்தில் தமிழர் மலாய்க்காரர் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

முழங்கால் கதை. உடற்பயிற்சிச் சிகிச்சையில் டென்ஸ் என்று ஒட்டுப்பட்டை ஒட்டி மெல்லிய கரண்டை ஜிவ்ஜிவ் என்று விடுகிறார்கள். 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் சொன்ன கருத்து அதற்குப் பின்னால் இருக்கிறது, தண்டுவடத்தில் வலிக்கு ஒரு கதவு மாதிரி இருக்கிறது, தொடு உணர்வு அதிகமாக வந்தால் கதவு கொஞ்சம் சாத்திக்கொள்ளும் என்று. இடித்துக்கொண்ட இடத்தை நாம் தேய்த்துவிட்டுக்கொள்வதும் அதற்குத்தான் போல. எனக்கு ஒட்டியிருக்கும் வரை வலி குறைகிறது, கழற்றினால் திரும்பி வருகிறது. அவ்வளவுதான் கதை, வெட்டுவதானால் வெட்டலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தலையில் மாட்டுகிற பட்டை விற்கிறார்கள், மெல்லிய நேர்மின்சாரம் கொடுத்தால் படிப்பு ஏறும், ஞாபகம் கூடும் என்று. என் பேரப்பிள்ளை ஒன்பது வோல்ட் பேட்டரியை வைத்து வீட்டிலேயே செய்கிற வீடியோவை எனக்குக் காட்டுகிறான். நேர்மின்சாரத்தைத் தலைத்தோலில் வைத்து ஆய்வு செய்கிறார்கள் என்பது உண்மைதான், ஒன்றிரண்டு மில்லிஆம்பியர், அளவு கட்டுப்படுத்துகிற கருவி, ஈரப்பஞ்சு, பக்கத்தில் ஆள். பேட்டரியை நேராக வைத்தால் ஈரம் காயக் காயத் தோல் வெந்துபோகும். நான் கப்பலில் வேலை செய்தபோது பார்த்த தீப்புண்கள் எல்லாம் பெரிய வோல்ட்டேஜால் வந்ததில்லை. அம்மா அப்பாக்கள் பிள்ளைகளின் மேசை டிராயரைக் கொஞ்சம் பாருங்கள்.

கரண்ட் வைத்து வைத்தியம் பார்ப்பது ஏதோ நேற்று வந்த மேல்நாட்டுக் கூத்து என்றும் மாமா சொன்னார். கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரி வைத்தியர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்பவர் உடம்பில் மின்சாரம் வைத்திருக்கிற ஒரு வகைத் திருக்கை மீனை உயிரோடு தலைவலிக்காரர் நெற்றியில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். மரத்துப்போகும் வரை வைக்க வேண்டுமாம். அதைக் கேட்டுவிட்டு அக்கா, “தேக்காவுல திருக்கை கிலோ என்ன விலைன்னு தெரியுமா” என்றார்.

ஆசிரியரே, உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இந்தச் சிகிச்சைகளைப் பற்றி எழுதும்போது எல்லாவற்றையும் ‘மின் அதிர்ச்சி’ என்ற ஒரே சட்டிக்குள் போடாதீர்கள். அதிர்ச்சி என்றால் எங்கள் தொழிலில் விபத்து. வேலை நடக்கும்போது யாரும் அதிர்ச்சி கொடுப்பதில்லை, மின்சாரம் கொடுக்கிறோம். டிஎம்எஸ்ஸுக்குக் காந்தத் தூண்டல் என்று எழுதலாம், டிபிஎஸ்ஸுக்கு ஆழ்மூளைத் தூண்டல். இசிடிக்கு மின்வலிப்புச் சிகிச்சை என்கிறார்கள், ‘வலிப்பு’ என்ற சொல்லும் பயமுறுத்தத்தான் செய்யும், ஆனால் நடப்பது அதுதான், மறைக்க வேண்டாம், அதிர்ச்சி என்று பூசவும் வேண்டாம். இதைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால் அதைப் போடுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை.

மருத்துவமனைகளுக்கும் ஒன்று. அக்காவுக்குக் கொடுத்த விளக்கத் தாள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. எந்த மருத்துவமனை என்று எழுத விரும்பவில்லை, அங்கே தாதியர் தங்கமானவர்கள், அதில் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் கடைசியில் எட்டு மாதம் கழித்து அக்கா கையைப் பிடித்துக்கொண்டு பதினைந்து நிமிடம் தமிழில் சொன்னார், அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் காரியம் நடந்தது. அது அவர் வேலையே இல்லை, டியூட்டி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தவர். கையெழுத்துப் போடுகிற தாளில் இருக்கிறதைக் கையெழுத்துப் போடுகிறவருடைய மொழியில் ஒரு பக்கமாவது கொடுக்க முடியாதா? தமிழ் இந்த நாட்டின் அதிகாரபூர்வ மொழி, எம்ஆர்டி நிலையத்தில்கூடப் பார்க்கிறோம். தமிழ் பேசுகிற மனநல மருத்துவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரை உங்கள் பத்திரிகையில் மாதம் ஒரு தடவை எழுதச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமையில் போடுங்கள், அன்றைக்குத்தான் மாமாக்கள் முழுப் பேப்பரும் படிப்பார்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 2016இல் எடுத்த சிங்கப்பூர் மனநல ஆய்வில் ஏழில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது மனநலக் கோளாறு வருகிறது என்று தெரிந்தது, அவர்களில் முக்கால்வாசிக்கும் மேல் யாரிடமும் உதவி கேட்டுப் போகவில்லை. எங்கள் தலைமுறைக்கு ‘உட்பிரிட்ஜ்’ என்று சொன்னாலே குரல் தாழ்ந்துவிடும். இயோ சூ காங்கில் 1928இல் திறந்த பழைய மருத்துவமனை அது, 1993இல் புவாங்கோக்குக்கு மாறி மனநலக் கழகம் ஆகிவிட்டது. இடம் மாறி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, எங்கள் வாயில் பெயர் இன்னும் மாறவில்லை. பெயரைக்கூட மாற்றிக்கொள்ளாத வாய் சிகிச்சையைப் பற்றிச் சரியாகவா சொல்லும்?

சின்ன மாமா போன மாதம் பேஸ்மேக்கர் சோதனைக்குப் போனார், நான்தான் கூட்டிப்போனேன். டெக்னிஷியன் ஒரு வட்டமான கருவியை அவர் நெஞ்சுக்கு மேலே வைத்தார், கம்பி இல்லாமலேயே திரையில் கணக்கெல்லாம் வந்தது, பேட்டரி இன்னும் நாலு வருடம் வரும் என்றார். மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, “அக்காவுக்கு வெச்சதும் இந்த மாதிரிதானா?” என்று கேட்டார். இல்லை மாமா, அது வேற என்று ஆரம்பித்தேன், வீடு வந்து சேரும் வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன்,
ஈசூன்